பெண் எஸ்.ஐ. ஆகலாம், டி.ஐ.ஜி. ஆக முடியுமா?

மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். உயர்தரம் எழுதி முடித்துவிட்டாராம், பொலிஸில் எஸ்.ஐ.க்கு (உப பொலிஸ் பரிசோதகர்) விண்ணப்பிக்க ஆசையாம். அப்பாவோ, "சேர்ந்தாலும் கடைசி வரைக்கும் பெரியவங்களுக்குப் பின்னால பைல் தூக்கிக்கிட்டுத்தான் நிக்கணும்" என்கிறாராம். அம்மாவுக்குப் பொலிஸ் என்ற பேச்சே பிடிக்கவில்லை. "அக்கா, பொம்பளைங்க உண்மையிலேயே மேலே வர்றாங்களா? ஐ.நா. அமைதிப்படைக்கெல்லாம் போறாங்களே, அது எப்படி?" என்பதுதான் கேள்வி.

தங்கச்சி, உங்கள் அப்பா சொல்வது பாதி சரி. பெண்கள் மேலே வருகிறார்கள், ஆனால் ஆமை வேகத்தில். அதற்குக் காரணம் பெண்ணுக்குத் திறமை போதாது என்பதும் இல்லை, பெண்கள் சேர முன்வருவதில்லை என்பதும் இல்லை. பெரும்பாலும் அது காகிதத்தில் இருக்கிறது. எந்தப் பதவிக்கு எத்தனை பெண்கள், எந்தப் பதவிக்குப் போக முன்னால் என்ன வேலை பார்த்திருக்க வேண்டும், அந்த வேலையைப் பெண்ணுக்குக் கொடுக்கிறார்களா இல்லையா, இதெல்லாம் யாரோ எழுதி வைத்த விதிகள். ஆகவே "இந்த வருஷம் இத்தனை பெண்களைச் சேர்த்தோம்" என்று யாராவது பெருமையாகச் சொன்னால் கைதட்டுங்கள், தட்டிவிட்டு அடுத்த கேள்வியைக் கேளுங்கள்: அவர்களில் ஒரு நிலையத்துக்கு, ஒரு பிரிவுக்கு, ஒரு படைக்குப் பொறுப்பாக இருப்பவர்கள் எத்தனை பேர்?

நம் நாட்டுக் கதையிலிருந்தே தொடங்குவோம். இலங்கைப் பொலிஸ் 1866இல் தொடங்கியது. முதன்முதலாகப் பெண்களைச் சேர்த்தது 1952இல், அதுவும் விரல் விட்டு எண்ணக்கூடிய சிலரை. அங்கிருந்து முதல் பெண் பிரதிப் பொலிஸ் மா அதிபர் (டி.ஐ.ஜி.) வர 2020 வரை போனது. 68 வருஷம்! பிம்ஷானி ஜாசிங்காராச்சி என்பவர் 1997இல் உப பொலிஸ் பரிசோதகராகச் சேர்ந்து, ஒவ்வொரு படியாக ஏறி, 2020 செப்டெம்பரில் டி.ஐ.ஜி. ஆனார். பத்திரிகைகளில் படம் வந்தது, எல்லோரும் வாழ்த்தினார்கள். சில மாதங்கள் கழித்து என்ன நடந்தது தெரியுமா? முப்பதுக்கும் மேற்பட்ட ஆண் சிரேஷ்ட அதிகாரிகள் சேர்ந்து உயர் நீதிமன்றத்துக்கு அடிப்படை உரிமை மனு கொண்டுபோனார்கள், அவருடைய நியமனத்தை இரத்துச் செய்யச் சொல்லி. அவர் வேலை தெரியாதவர் என்று அவர்கள் வாதாடவில்லை. பதவி உயர்வு விதிகளில் டி.ஐ.ஜி. பதவிக்குப் பெண் என்று ஒரு இடமே எழுதப்படவில்லை, ஆகவே பெண்ணை அங்கே போட முடியாது என்பதுதான் வாதம்.

அந்த வாதத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள், ஏனென்றால் முழு விஷயமும் அதற்குள்தான் இருக்கிறது. பொலிஸில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஆளணி தனித்தனி. ஆண் உப பரிசோதகர் இத்தனை, பெண் உப பரிசோதகர் இத்தனை, பெண் பரிசோதகர் இத்தனை என்று எண்ணிக்கை போட்டு வைத்திருப்பார்கள். பெண்கள் பக்கத்தில் மேலே போகப் போக இடங்கள் சுருங்கிக்கொண்டே வரும். உங்களோடு ஒரே நாளில் பயிற்சிக்குப் போன பையன் ஆண்கள் பட்டியலில் வெற்றிடம் வந்ததும் ஏறிவிடுவான். நீங்கள் உங்களுக்கு மேலே இருக்கிற அந்த ஒரு மிஸ் ஓய்வு பெறும்வரை காத்திருக்க வேண்டியதுதான். அவன் உங்களைவிடக் கெட்டிக்காரனாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. இப்படி ஒவ்வொரு படியிலும் இரண்டு மூன்று வருஷம் பின்தங்கினால், ஓய்வு வயது வருகிறபோது அவன் எங்கேயோ, நீங்கள் எங்கேயோ. இதில் தனிப்பட்ட முறையில் யாரும் உங்களுக்குக் கெடுதல் செய்யத் தேவையில்லை, அட்டவணையே அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

இன்னொன்று, எந்த வேலையைக் கொடுக்கிறார்கள் என்பது. 1979இல் பொலிஸில் பெண்களுக்கும் சிறுவர்களுக்குமான பணியகம் தொடங்கினார்கள். நல்ல விஷயம், தேவையான விஷயம். இப்போது நிலையங்களிலும் மகளிர், சிறுவர் பிரிவு என்று ஒரு மேசை இருக்கிறது. ஆனால் பெண் பொலிஸ் என்றால் அந்த மேசைதான், அதை விட்டால் சோதனைச் சாவடியில் பெண்களைச் சோதிப்பது, அலுவலகக் கடிதவேலை என்று ஆகிவிட்டது. குற்றப் பிரிவுப் பொறுப்பு, நிலையப் பொறுப்பதிகாரி, கலவரத்தை அடக்கும் அணியை வழிநடத்துவது, இப்படிப்பட்ட வேலை பார்த்தவர்தான் மேல் பதவிக்கான நேர்முகத்தில் "நான் இதைச் செய்தேன்" என்று சொல்ல முடியும். பெண்ணை இருபது வருஷம் மேசையில் உட்காரவைத்துவிட்டு, பிறகு "அனுபவம் போதாதே அம்மா" என்று கேட்பது என்ன நியாயம்?

நான் பெண்கள் அமைப்பொன்றில் வேலை பார்த்த காலத்தில், அடிபட்டு வரும் பெண்களைக் கூட்டிக்கொண்டு பொலிஸுக்குப் போவது வழக்கம். மலையகத்து நிலையமொன்றில் (பெயர் வேண்டாம்) நடந்ததைச் சொல்கிறேன். அந்தப் பெண்ணின் வலது கை மணிக்கட்டு வீங்கியிருந்தது, கொழுந்துக்குப் போக முடியாமல் அன்றைய பேரும் (நாட்சம்பளம்) போய்விட்டது. மகளிர் பிரிவு என்பது கூடத்தின் மூலையில் பலகை அடித்து மறைத்த ஒரு சின்ன இடம், ஒரு மேசை, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. உட்கார்ந்திருந்த பெண் கான்ஸ்டபிள் நல்லவர், தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். ஆனால் அவருக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்க்க நான் வாயைத் திறப்பதற்குள், வாசலில் நின்ற தோட்டத் தலைவர் உள்ளே வந்துவிட்டார். அவர் புருஷனுக்குச் சித்தப்பா முறை. அவள் "கட்டையால அடிச்சாரு" என்கிறாள், அவர் சிங்களத்தில் "சின்னச் சண்டை, தள்ளிவிட்டான்" என்கிறார். நான் குறுக்கிட்டு, முறைப்பாட்டில் அவள் சொன்னபடியே எழுதுங்கள் என்றேன். அந்தக் கான்ஸ்டபிள் என் முகத்தைப் பார்த்தார், பேனையைக் கீழே வைத்துவிட்டு எழுந்துபோய் சார்ஜனிடம் கேட்டார். சார்ஜன் ஆண். அவர் போனில் இருந்தார். காத்திருந்தோம். கடைசியில் எழுதினார்கள், அது வேறு கதை. ஆனால் அன்றைக்கு அந்த மூலையில் பெண் பொலிஸ் இருந்தும், ஒரு வாக்கியத்தை எப்படி எழுதுவது என்று முடிவெடுக்கிற அதிகாரம் அந்த மூலையில் இருக்கவில்லை. பெண்கள் தலைமைப் பதவிக்கு வருவது யாருக்கு இலாபம் என்று கேட்கிறவர்களுக்கு நான் கொடுக்கும் பதில் இதுதான். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் எவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருந்தாலும், நம்ம ஊர்ப் பெண்ணுக்கு அது அந்த மேசையில்தான் தொடங்கும்.

சரி, இராணுவத்துக்கு வருவோம். அதைப் பற்றி நீளமாகச் சொல்லப் போவதில்லை. இலங்கை இராணுவ மகளிர் படையணி 1979இல் வந்தது. நம் மலையகத்துத் தியத்தலாவையில்தான் இராணுவக் கல்லூரி இருக்கிறது, பதுளைப் பக்கம் போகும்போது பார்த்திருப்பீர்கள், பெண் பயிலிளவல் அதிகாரிகளும் அங்கே பயிற்சி எடுக்கிறார்கள். 2020இல் விமானப்படையில் இரண்டு பெண்கள் விமானிச் சின்னம் வாங்கினார்கள். ஆனால் தளபதி பதவி என்று வரும்போது, எந்த நாட்டிலும் அது பெரும்பாலும் காலாட்படை, கவசப்படை, பீரங்கிப்படை, பொறியியல் படை என்று களத்தில் நிற்கும் பிரிவுகளிலிருந்துதான் போகிறது. மருத்துவம், நிர்வாகம், மகளிர் படையணி என்று இருப்பவர்கள் பெரும்பாலும் ஒரு கட்டத்துக்கு மேல் போவதில்லை. முப்படைக்கும் இதுவரை பெண் தளபதி வந்ததில்லை, பெண் பொலிஸ் மா அதிபரும் வந்ததில்லை.

கனடாவைப் பாருங்கள். அங்கே மனித உரிமைத் தீர்ப்பாயம் சொன்ன பிறகு 1989இல் போர்க்களப் பிரிவுகளைப் பெண்களுக்குத் திறந்துவிட்டார்கள். ஜெனி காரிக்னான் என்பவர் 1986இல் படையில் சேர்ந்தவர், போர்ப் பொறியியல் பிரிவு. அவர் 2024 ஜூலையில் முழு ஆயுதப்படைக்கும் தலைமைத் தளபதியானார். கணக்குப் பார்த்தால் கதவு திறந்து 35 வருஷம். ஒரு தளபதியை உருவாக்க ஒரு முழு ஆயுட்கால வேலை தேவை, அதைச் சுருக்க முடியாது. ஆகவே இன்றைக்கு நம் நாட்டில் கதவைத் திறந்தாலும் பலன் தெரிவது உங்கள் மகள் காலத்தில்தான், திறக்காமல் இன்னும் பத்து வருஷம் இழுத்தால் பேத்தி காலத்தில். ஒரு முறை ஏறினால் இறக்க மாட்டார்கள் என்றும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் கரையோரக் காவல்படைக்கு 2022இல் லிண்டா ஃபேகன், கடற்படைக்கு 2023இல் லிசா ஃப்ராங்கெட்டி என்று முதல் பெண் தளபதிகள் வந்தார்கள், ஆட்சி மாறியதும் 2025 தொடக்கத்தில் இருவரையும் தூக்கிவிட்டார்கள்.

இந்தியாவில் 2020 பெப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது, இராணுவத்தில் பெண் அதிகாரிகளுக்கு நிரந்தர ஆணை (ஓய்வு வயதுவரை அதிகாரியாக இருக்கும் உரிமை) கொடுக்க வேண்டும், கட்டளையிடும் பதவிகளிலிருந்து ஒட்டுமொத்தமாக ஒதுக்கக் கூடாது என்று. அந்த வழக்கில் அரசாங்கத் தரப்பு வைத்த ஒரு வாதம் என்ன தெரியுமா? சிப்பாய்கள் பெரும்பாலும் கிராமத்துக்காரர்கள், பெண் சொல்லிக் கேட்க அவர்கள் மனதளவில் தயாராக இல்லை. இதைப் படித்தபோது எனக்கு ஏதோ தோட்டத்துப் பெரட்டுக்களத்தில் (காலையில் வேலை பிரிக்கும் இடம்) கேட்ட மாதிரியே இருந்தது. நம் தோட்டங்களில் கொழுந்து பறிப்பது யார்? பெரும்பாலும் பெண்கள். நிறுவையில் நின்று கிலோ சொல்வது, மலை பிரித்துக் கொடுப்பது, அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) போடுவது யார்? கங்காணி, கணக்கப்பிள்ளை, எல்லாம் ஆண்கள். தொழிற்சங்கத்துக்குச் சந்தா கட்டுவது பெண், மேடையில் மாலை வாங்குவது ஆண். பெண் கங்காணி வைக்கலாமே என்றால், "பொம்பள சொன்னா பொம்பளைங்களே கேக்க மாட்டாங்க" என்பார்கள். இப்போது சில தோட்டங்களில் பெண் கங்காணிகள் இருக்கிறார்கள், மலை ஒன்றும் சரிந்து விழவில்லை. இந்திய உச்ச நீதிமன்றமும் அந்த வாதத்தை ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டது.

தமிழ்நாட்டுப் பக்கம் கொஞ்சம் வேறு மாதிரி. அங்கே 1992இல் அனைத்து மகளிர் காவல் நிலையங்களைத் தொடங்கினார்கள். இதைப் பற்றி இரண்டு விதமாகவும் பேசுவார்கள், பெண்களைத் தனி அறைக்குள் ஒதுக்கிவிட்டார்கள் என்று ஒரு பக்கம். எனக்கும் அந்தக் குறை தெரிகிறது. ஆனால் அந்த நிலையத்துக்குப் பொறுப்பதிகாரி ஒரு பெண் ஆய்வாளர் இல்லையா? கையெழுத்துப் போடுவது, ஆளைக் கைதுசெய்யச் சொல்வது, அணியை அனுப்புவது எல்லாம் அவர்தான். நான் மேலே சொன்ன மூலை மேசைக்கும் இதற்கும் வித்தியாசம் அதுதான். லத்திகா சரண் 2006இல் சென்னை மாநகரக் காவல் ஆணையராகவும் 2010இல் தமிழ்நாட்டின் காவல்துறைத் தலைவராகவும் வந்தார். அவர் நேரடியாக ஐ.பி.எஸ். (இந்தியப் பொலிஸ் சேவை) எழுதி வந்தவர், அந்தத் தேர்வில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே பட்டியல் என்பதையும் கவனியுங்கள்.

இனி ஐ.நா. இதைத்தான் நிறையப் பேர் தப்பாக விளங்கி வைத்திருக்கிறார்கள். ஐ.நா.வுக்குச் சொந்தமாக ஒரு படை கிடையாது. நாடுகள் தங்கள் இராணுவத்திலிருந்தும் பொலிஸிலிருந்தும் அனுப்புகிறவர்கள்தான் நீலத்தொப்பிக்காரர்கள். ஆகவே நாடுகளில் இருக்கிற நோய் அப்படியே அங்கேயும் இருக்கும். 1957 முதல் 1989 வரை, அத்தனை வருஷத்திலும் சீருடையில் போன பெண்கள் மொத்தம் 20 பேர் என்று ஐ.நா.வே சொல்கிறது. 1993இல்கூட நூற்றுக்கு 1. 2020இல் இராணுவ அணிகளில் 4.8 வீதம், பொலிஸ் அணிகளில் 10.9 வீதம்.

நடுவில் என்ன நடந்தது என்றால், 2000 ஒக்டோபர் 31இல் பாதுகாப்புச் சபை 1325ஆம் இலக்கத் தீர்மானத்தை நிறைவேற்றியது. சமாதானப் பேச்சு, அமைதி காத்தல், முடிவெடுத்தல் எல்லாவற்றிலும் பெண்கள் இருக்க வேண்டும் என்று சபை முதன்முதலாகச் சொன்ன தீர்மானம் அது. அதன் பின்னால் ஆபிரிக்கப் பெண்கள் அமைப்புகளின் உழைப்பு நிறைய இருக்கிறது, அந்த மாதம் சபைத் தலைமை நமீபியாவிடம் இருந்தது. பிறகு 2015இல் எண்ணிக்கையை ஐந்து வருஷத்தில் இரட்டிப்பாக்கச் சொல்லி ஒரு தீர்மானம், 2020இல் இந்தோனேசியா கொண்டுவந்த, அமைதிப்படைப் பெண்களுக்காகவே ஆன ஒரு தீர்மானம். 2018இல் இலக்கும் வைத்தார்கள்: 2028க்குள் இராணுவ அணிகளில் 15 வீதம், இராணுவப் பார்வையாளர்கள், பணிநிலை அதிகாரிகளில் 25, பொலிஸ் அணிகளில் 20, தனியாகப் போகும் பொலிஸ் அதிகாரிகளில் 30. இலங்கையும் 1325க்கான தேசியச் செயற்திட்டத்தை 2023இல் ஏற்றுக்கொண்டது. 23 வருஷம் கழித்து!

தலைமை என்று பார்த்தால், ஒரு அமைதி காக்கும் பணிக்கு முதன்முதலாகத் தலைவராக இருந்த பெண் மார்கரெட் ஆன்ஸ்டி, 1992இல் அங்கோலாவில். ஆனால் அவர் இராஜதந்திரப் பக்கத்தவர், படை அவருடையதல்ல. படைத் தளபதியாக ஒரு பெண் வர 2014 ஆயிற்று: நோர்வேயைச் சேர்ந்த கிறிஸ்டின் லுண்ட், சைப்பிரஸில். ஐ.நா. அமைதிப் பணி 1948இல் தொடங்கியது, 66 வருஷம். நம் டி.ஐ.ஜி. கதையும் 68 வருஷம், பார்த்தீர்களா? எண்ணிக்கை ஒத்துப்போவது தற்செயலாக இருக்கலாம், ஆனால் தாமதத்துக்குக் காரணம் ஒன்றுதான். ஐ.நா. தளபதியாகப் போகிறவர் சொந்த நாட்டில் ஒரு படையணியைக் கட்டளையிட்டவராக இருக்க வேண்டும். வீட்டில் ஏற விடாதவளை வெளியூரில் யார் ஏற்றுவது? பொலிஸ் பக்கத்தில் கிரண் பேடி 2003இலேயே ஐ.நா.வின் பொலிஸ் ஆலோசகராகப் போய்விட்டார் என்றால், அதற்குக் காரணம் 1972இலிருந்து இந்தியாவில் களப்பணி பார்த்திருந்ததுதான்.

பெண்கள் போனால் என்ன மாறுகிறது என்பதற்கு எல்லோரும் காட்டும் உதாரணம் லைபீரியா. 2007 ஜனவரியில் இந்தியாவின் சி.ஆர்.பி.எஃப். (மத்திய ரிசர்வ் பொலிஸ் படை) நூற்றுக்கு மேற்பட்ட பெண்களைக் கொண்ட ஒரு பொலிஸ் அணியை அங்கே அனுப்பியது, ஐ.நா. வரலாற்றில் முழுக்கப் பெண்களாலான முதல் அணி. இரவு ரோந்து போனார்கள், கலவரக் கவசத்தோடு நின்றார்கள், அமைச்சுக் கட்டிடத்துக்குக் காவல் நின்றார்கள். 2016இல் அவர்கள் திரும்பும்போது லைபீரியாவின் சொந்தப் பாதுகாப்புத் துறையில் பெண்கள் சுமார் 17 வீதம் ஆகியிருந்தார்கள். அதற்கு இந்த அணி மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன், அப்போது அங்கே ஒரு பெண் ஜனாதிபதி இருந்தார், எலன் ஜான்சன் சர்லீஃப், அதுவும் முக்கியம். ஆனால் துப்பாக்கியோடு தெருவில் நிற்கும் பெண்ணைத் தினமும் பார்க்கும் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைக்கு அது சாத்தியம் என்று யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

இதில் எனக்குப் பிடிக்காத ஒரு பேச்சும் உண்டு. பெண்களை அனுப்பினால் ஆண் சிப்பாய்கள் ஒழுங்காக இருப்பார்கள் என்பது. 2007இல் ஹெய்ட்டியிலிருந்து நம் நாட்டு அமைதிப்படையினர் 108 பேர் பாலியல் துர்நடத்தைக் குற்றச்சாட்டில் திருப்பி அனுப்பப்பட்டார்கள், சின்னப் பிள்ளைகள் பாதிக்கப்பட்டிருந்தார்கள். அந்த வெட்கக்கேட்டைத் துடைக்க வேண்டியது அவர்களுடைய மேலதிகாரிகளும் இராணுவ நீதிமன்றமும். அந்த வேலையையும் கொண்டுபோய்ப் பெண் சிப்பாயின் தலையில் கட்டுவது, வீட்டில் குடிகாரனைத் திருத்தும் பொறுப்பை மனைவியிடம் கொடுப்பதற்குச் சமம். பெண் அங்கே இருக்க வேண்டும், ஏனென்றால் அது அவளுக்கும் உரிய வேலை. அவ்வளவு போதும். முறையிட வரும் பெண் ஆணிடம் சொல்லத் தயங்குவதைப் பெண்ணிடம் சொல்வாள் என்பது உண்மைதான், ஆனால் அதற்காக மட்டும் என்றால் மறுபடியும் மூலை மேசைதான்.

இப்போது நம்ம கதை. அம்மாவுக்குப் பொலிஸ் பிடிக்காததை நான் பிழை சொல்ல மாட்டேன். 1948இல் நம்மவர்களின் குடியுரிமையைப் பறித்தார்கள், அரசாங்க வேலைக்கு விண்ணப்பப் படிவம்கூட நிரப்ப முடியாத நிலை. கடைசி ஆட்களுக்குக் குடியுரிமை தீர்ந்தது 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடு. அதற்கு நடுவில் கலவரங்கள், அவசரகாலச் சட்டம், பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்துக்கொண்டு போன பையன்கள். அந்தத் தலைமுறைக்குக் காக்கி என்றால் லயத்துக் கதவைத் தட்டுகிற ஆள். அது ஒரே நாளில் போகாது. ஆனால் நுவரெலியா மாவட்டத்தில் பாதிக்கு மேல் தமிழர்கள், தமிழ் 1987இலிருந்து அரசகரும மொழி, அப்படியிருந்தும் நிலையத்தில் தமிழில் முறைப்பாடு எழுத ஆள் தேட வேண்டியிருக்கிறது. மேசையின் அந்தப் பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்தால் தோட்டத் தலைவருக்கு அங்கே வேலை இருக்காது.

உயரம் பற்றியும் சொல்லிவிட வேண்டும், நம் பிள்ளைகள் நிறையப் பேர் விழுவது அங்கேதான். ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று என்று குறைந்தபட்ச உயரம் வர்த்தமானியில் போட்டிருப்பார்கள். 2016ஆம் ஆண்டின் சனத்தொகை, சுகாதார ஆய்வில் ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுக்க சுமார் 17 வீதம், தோட்டத்தில் சுமார் 32 வீதம். அதாவது, அம்மா கர்ப்பமாக இருந்தபோது சாப்பாடு போதாததும், பிள்ளைக் காம்பராவில் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகம்) வெறும் சோற்றோடு வளர்ந்ததும், இருபது வருஷம் கழித்து அளவுகோலுக்குக் கீழே வந்து நிற்கிறது. படிப்பில் தேறிய பிள்ளை ஓர் அங்குலத்தில் திரும்பி வருவது எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். முதலில் வீட்டிலேயே சரியாக அளந்து பாருங்கள், செருப்பில்லாமல், சுவரோடு நின்று.

உயரம் சரி என்றால் வெள்ளிக்கிழமை வர்த்தமானியைத் தமிழில் எடுத்துப் படியுங்கள், யாரோ சொன்னதை நம்ப வேண்டாம். வயது, பாடங்கள், உடற்தகுதி எல்லாம் அறிவித்தலுக்கு அறிவித்தல் மாறும். உங்கள் பெறுபேறு பல்கலைக்கழகத்துக்குப் போதுமானதாக இருந்தால், என் சொந்த அபிப்பிராயம், முதலில் பட்டம் முடியுங்கள். பட்டதாரிகளிலிருந்து உதவிப் பொலிஸ் அத்தியட்சகர்களை நேரடியாக எடுக்கும் போட்டிப் பரீட்சை வரும்போது எழுதலாம், அங்கே தொடங்கினால் நான் சொன்ன அந்த நீண்ட காத்திருப்பில் பாதி மிச்சம். கிடைக்காவிட்டால் எஸ்.ஐ. கதவு இருக்கிறது, வயதெல்லையை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சேர்ந்த பிறகு ஒரு பொறி காத்திருக்கும். தமிழ் தெரிந்த பெண் என்றதும் உங்களை மொழிபெயர்ப்பாளராகவே வைத்துக்கொள்ளப் பார்ப்பார்கள், எல்லா வழக்குக்கும் கூப்பிடுவார்கள், எந்த வழக்கும் உங்கள் பெயரில் இருக்காது. உதவி செய்யுங்கள், ஆனால் குற்றப் பிரிவுக்கு மாற்றம் கேட்டு எழுத்தில் கொடுங்கள், வாயால் கேட்பது கணக்கில் வராது. வழக்குப் புத்தகத்தில் விசாரணை அதிகாரி என்று உங்கள் பெயர் வர வேண்டும். பதவி உயர்வில் அநியாயம் நடந்தால் தேசிய பொலிஸ் ஆணைக்குழு இருக்கிறது, அடிப்படை உரிமை மனு இருக்கிறது. டி.ஐ.ஜி. நியமனத்துக்கு எதிராகப் போன அந்த ஆண் அதிகாரிகள் பயன்படுத்திய அதே கதவுதான், உங்களுக்கும் திறந்திருக்கிறது.

அரசியலில் என்ன நடந்தது என்று அப்பாவுக்குச் சொல்லுங்கள். உள்ளூராட்சி சபைகளில் பெண்கள் நூற்றுக்கு இரண்டு பேர் அளவில்தான் இருந்தார்கள், 25 வீத ஒதுக்கீட்டைச் சட்டமாக்கி 2018இல் தேர்தல் வைத்ததும் ஒரே தடவையில் பல மடங்கு ஆனார்கள். 2024இல் பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேல், நுவரெலியாவிலிருந்து கலைச்செல்வி என்று மலையகத் தமிழ்ப் பெண்கள் இருவர் முதன்முதலாகப் பாராளுமன்றத்துக்குத் தெரிவானார்கள். பொலிஸ் ஆளணி அட்டவணையும் மனிதர் எழுதியதுதான், ஆண் பெண் என்று பிரிக்காமல் ஒரே பட்டியலாகப் போட்டால் பாதிப் பிரச்சினை தீரும். அதைச் செய்ய பொலிஸ் திணைக்களத்துக்கும் ஆணைக்குழுவுக்கும் பெரிய செலவு ஒன்றும் இல்லை.

கடைசியாக ஐ.நா. ஆசை. அதற்கு நேரடியாக விண்ணப்பிக்க முடியாது, பொலிஸில் பயிற்சிக் காலம் போக ஐந்து வருஷமாவது சேவை செய்திருக்க வேண்டும், பிறகு திணைக்களம் பெயர் அனுப்ப வேண்டும். தேர்வில் மொழி, வாகனம் ஓட்டுதல், ஆயுதம் கையாளுதல் மூன்றும் பார்ப்பார்கள். மொழி என்றால் ஆங்கிலம் அல்லது பிரெஞ்சு, அறிக்கை எழுதும் அளவுக்கு. பல நாடுகளில் பெண்கள் நிறையப் பேர் விழுவது வாகனம் ஓட்டுவதில், ஏனென்றால் நிலையத்தில் ஜீப்பின் சாவி எப்போதும் ஆண் சாரதி கையில்தான் இருக்கும். ஆகவே வர்த்தமானி வரும்வரை சும்மா இருக்காமல் ஹட்டனிலோ நுவரெலியாவிலோ ஒரு சாரதிப் பயிற்சியில் சேருங்கள், கியர் உள்ள வாகனத்திலேயே பழகுங்கள், ஓட்டோ கியர் வேண்டாம். நம் மேட்டுப் பாதையில் கிளட்ச் பிடித்து நிறுத்தப் பழகினால் ஐ.நா. தேர்வு மைதானம் உங்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. ஆங்கிலத்துக்குத் தனியாகக் கேளுங்கள், எந்தப் புத்தகம், எப்படிப் படிப்பது என்று எழுதுகிறேன்.